தூண்டுமுனையும் அதன் தேய்வும்
பழைய பெற்றோல் பீச்சு எஞ்சின்களைச் சீர்செய்தல் பற்றிய ஓர் ஆராய்வு

பெற்றோலினால் இயங்கும் எஞ்சினுக்கு இன்றியமையாதன காற்று, பெற்றோல், தீப்பொறி என்னும் மூன்றுமாம். இவை உரிய அளவிலும் உரிய காலத்திலும் கூடினாலன்றி எஞ்சின் இயங்காது. அளவு, காலம் என்னும் இவ்விரண்டினுள் அளவையே பலரும் பெரிதாகக் கருதுவர். எத்துணைப் பெற்றோல் செல்கின்றது என்று வினவுவாரே அன்றி, எப்பொழுது செல்கின்றது என்று வினவுவார் சிலரே. ஆயின் அளவை எத்துணை நுட்பமாகக் கணித்தாலும், 'இப்பொழுது' என்று சொல்வார் ஒருவர் இல்லையேல் அக்கணிப்பினால் யாதும் பயன் விளையாது. பழைய மோட்டார் வண்டிகள் சிலவற்றில் 'இப்பொழுது' என்று சொல்லும் அப்பணியைச் செய்வது விரல்நுனியளவான ஒரு சிறு தொடுமுனையாகும். அதன் இயல்பு யாது, அது தேய்வது எவ்வாறு, தேய்ந்ததனை மீளச் சீர்செய்வது எங்ஙனம் என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

பீச்சு முறையின் தோற்றம்

மோட்டார் வண்டி தோன்றிய காலந்தொட்டு, பெற்றோலைக் காற்றுடன் கலக்கும் பணியைக் காபுரேற்றர் என்னும் கருவி செய்து வந்தது. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் விசையே சிறு துளையொன்றின் வழியாகப் பெற்றோலையும் இழுத்துவரும் என்பது அதன் தத்துவம். எளிமையே அதன் சிறப்பு. அவ்வெளிமையே அதன் குறையுமாம். குளிர், வெப்பம், வேகம், சுமை ஆகியவற்றுக்கு ஏற்பக் கலவையை நுட்பமாக மாற்ற அதனால் இயலவில்லை. மிகுதியாகச் சென்ற பெற்றோல் முற்றாக எரியாது புகையாய் வெளியேறியது.

மின்னினால் ஆளப்படும் குழல்களின் மூலம் பெற்றோலைப் பீச்சலாம் என்னும் எண்ணத்தைச் செயற்படுத்த முயன்றவற்றுள் ஒன்று அமெரிக்காவின் பென்டிக்ஸ் நிறுவனம். 'இலெக்றோஜெக்ரர்' எனப் பெயரிய அதன் கருவி 1958ஆம் ஆண்டில் கிறைஸ்லர் நிறுவனத்தின் வண்டிகள் மிகச் சிலவற்றிற் பொருத்தப்பட்டது. அக்காலத்து இலத்திரனியற் பாகங்கள் எஞ்சினின் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கும் உறுதி பெற்றிருக்கவில்லை. ஆதலின் அவ்வண்டிகளுட் பெரும்பாலானவற்றிலிருந்து அக்கருவி அகற்றப்பட்டு, காபுரேற்றர் மீண்டும் இடம்பெற்றது.

பின்னர் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் பென்டிக்ஸின் உரிமங்களைப் பெற்று, அம்முறையைத் திரான்சிற்றர்களைக் கொண்டு திருத்தி அமைத்தது. அதே வேளையில், 1968ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் தொடக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகள் எங்கணும் வெளியேற்றப் புகைக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அச்சந்தைக்கு வண்டி அனுப்பிய வொல்க்ஸ்வாகன் நிறுவனம், 1967இல் தன் 1600 வகை வண்டியில் பொஷ்ஷின் புதிய முறையைப் பொருத்தியது. 'டி-ஜெற்றொனிக்' என்பது அதன் பெயர். அமுக்கம் எனப் பொருள்படும் 'டுறுக்' என்னும் ஜேர்மன் மொழிச் சொல்லின் முதலெழுத்தே அப்பெயரின் முன் நிற்பது. பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட இலத்திரனியற் பீச்சு முறைகளுள் இதுவே முதலாவது. வொல்வோ 1800 இ, சித்ரோயன் டி. எஸ். 21, போர்ஷே 914 ஆகியவற்றிலும், மேர்சிடிஸ் பென்ஸ் வண்டிகள் பலவற்றிலும் அடுத்த சில ஆண்டுகளில் இது இடம்பெற்றது.

அளவைக் கூறுவதும் காலத்தைக் கூறுவதும்

இம்முறையின் அமைப்பினைச் சுருங்கக் கூறுவாம். தொட்டியிலுள்ள பெற்றோலை மின்பம்பி ஒன்று இழுத்து, வளிமண்டல அமுக்கத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கான அமுக்கத்துடன் குழாய்களில் நிறுத்தி வைக்கும். ஒவ்வோர் உருளைக்கும் அருகே, உள்வாங்கும் வால்வின் முன்னர், ஒரு பீச்சுகுழல் உண்டு. மின்னோட்டம் பாயும்பொழுது அக்குழலின் ஊசி எழுந்து பெற்றோல் பீறிடும்; மின்னோட்டம் நின்றதும் ஊசி தாழ்ந்து வழி அடைபடும். அமுக்கம் மாறாது நிற்றலின், உட்செல்லும் பெற்றோலின் அளவு குழல் திறந்திருக்கும் நேரத்தையே பொறுத்ததாகும். அந்நேரம் ஒரு செக்கனை ஆயிரம் கூறிட்டால் அவற்றுள் ஏறக்குறைய 2 முதல் 10 வரையிலான கூறுகளே.

அந்நேரத்தைக் கணிப்பது கட்டுப்பாட்டுப் பெட்டி. எஞ்சினின் உள்வாங்கு குழாயிலுள்ள அமுக்கத்தை 'அமுக்க உணரி' என்னும் கருவி அளந்து அப்பெட்டிக்கு அறிவிக்கும். உணரியினுள்ளே காற்றகற்றிய மெல்லிய உலோகப் பேழைகள் உண்டு. அமுக்கம் மாறுங்கால் அவை விரிந்தும் சுருங்கியும் இரும்பு அகணி ஒன்றைக் கம்பிச் சுருள்களினூடே நகர்த்தும். அந்நகர்வு மின்மாற்றமாகிப் பெட்டியை அடையும். எஞ்சினின் வெப்பத்தையும் உட்செல்லும் காற்றின் வெப்பத்தையும் வேறு உணரிகள் அறிவிக்கும். இவையனைத்தும் 'எவ்வளவு' என்னும் வினாவுக்கு விடை தருவன.

'எப்பொழுது' என்னும் வினாவுக்கு விடை தருவது டிஸ்ரிபியூற்றரின் அடிப்பகுதியில் அமைந்த தூண்டுமுனைகளாகும். டிஸ்ரிபியூற்றர் என்பது தீப்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் முறையே பகிர்ந்தளிக்கும் கருவி என்பதும், அதன் தண்டு எஞ்சினின் பிரதான தண்டு இருமுறை சுழலும்பொழுது ஒருமுறை சுழலும் என்பதும் பலரும் அறிந்தவை. அத்தண்டின் கீழ்ப்பாகத்தில் ஒரு பக்கம் புடைத்த வட்டம் ஒன்று அமைந்துள்ளது. அதன் இருமருங்கிலும், ஒன்றுக்கொன்று நேரெதிராக, இரண்டு தொடுமுனைகள் நிற்கும். புடைப்பு வந்து தள்ளும்பொழுது முனை திறக்கும். புடைப்பு கடந்து சென்றதும் வில்லின் விசையால் முனை மூடும். தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு முனையும் ஒருமுறை திறந்து மூடும். இந்த மாற்றமே கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கிடைக்கும் செய்தி.

நான்கு உருளை எஞ்சினில் நான்கு பீச்சுகுழல்களும் இருவிரண்டாக இரண்டு கூட்டங்களாய்ப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் முனையின் செய்திக்கு ஒரு கூட்டமும், இரண்டாம் முனையின் செய்திக்கு மற்றைக் கூட்டமும் பெற்றோலைப் பீச்சும். ஆறு உருளையாயின் மும்மூன்றாக இரண்டு கூட்டங்கள். மேர்சிடிஸ் பென்ஸின் எட்டு உருளை எஞ்சினிலோ இருவிரண்டாக நான்கு கூட்டங்கள் உள. ஆதலின் முனைகளும் நான்கு.

தீமுனையும் தூண்டுமுனையும்

பழைய வண்டியைத் திருத்துவோர் 'பொயின்ற்' என்று கூறும் தீமுனையை நன்கறிவர். அது டிஸ்ரிபியூற்றரின் மேற்பாகத்தில் நின்று, தீப்பொறிச் சுருளின் மின்னோட்டத்தை அறுத்துத் தீப்பொறியைப் பிறப்பிப்பது. தூண்டுமுனையும் தோற்றத்தில் அதனையே ஒத்தது. ஆதலின் இரண்டையும் ஒன்றாகக் கருதி ஒரே வகையாய்க் கையாள்வோர் உளர். இதுவே பல தவறுகளுக்கு முதற்காரணம். இவை மூன்று வகையால் வேறுபடுவன.

முதலாவது, தீமுனை பெருமளவு மின்னோட்டத்தைச் சுமப்பது. திறக்குந்தோறும் அதன் பரப்பிற் சிறு பொறி தோன்றும். நாளடைவில் அங்கே கரிவும் குழியும் உண்டாகும். தூண்டுமுனை சுமப்பதோ மிகச் சிறிய மின்னோட்டம். பீச்சுகுழல்களை இயக்கும் மின்னோட்டம் அதன் வழியாகச் செல்வதில்லை. அது கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து செல்வது. தூண்டுமுனை சுமை தூக்கும் தொழிலாளியன்று. ஓலை கொண்டு செல்லும் தூதுவனே. ஆதலின் அதன் பரப்பு கரிந்து குழிவதில்லை.

எனினும் இந்நன்மையின் பின்னே ஒரு தீமையும் உண்டு. தீமுனையின் மேல் எண்ணெயோ தூசோ மெல்லப் படிந்தால், அங்கு எழும் பொறியே அதனை எரித்துப் போக்கிவிடும். தூண்டுமுனைக்கு அத்தகைய தற்சுத்தம் இல்லை. மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே அதன் சிறு மின்னோட்டத்தைத் தடுத்து நிறுத்தப் போதியது.

இரண்டாவது, தீமுனையின் இடைவெளி தேய்வினால் மாறும்பொழுது அதனைத் திருத்துவதற்கென்றே திருகாணியும் நீள்துளையும் உள. தூண்டுமுனைக்கு அவை இல்லை. அதன் நிலையான பகுதி தட்டுடன் இறுக்கிப் பிணைக்கப்பட்டது. தேய்ந்தால் தட்டு முழுவதையும் மாற்றுக என்பதே செய்தோர் கருத்து.

மூன்றாவது, தீமுனையின் காலம் ஓரிரு பாகை தவறினும் எஞ்சினின் வலி குறையும். தூண்டுமுனையின் காலம் அத்துணை நுட்பமானதன்று. பெற்றோல் பீச்சப்படுவது உருளையினுள் அன்று, வால்வின் முன்னரேயாம். கூட்டத்திலுள்ள இரு குழல்களும் ஒரே வேளையிற் பீச்சுதலின், ஓர் உருளைக்குரிய பெற்றோல் வால்வு திறக்கும்வரை அங்கேயே காத்திருப்பதும் உண்டு. ஆகவே சில பாகை முன்பின் ஆவதால் இழப்பில்லை. ஆயின் செய்தி வராதொழிந்தால் யாவும் இழப்பே. தீமுனையில் நாம் தேடுவது நுட்பம். தூண்டுமுனையில் நாம் தேடுவது தவறாமை. இவ்வேறுபாட்டை உணர்ந்தோர்க்கே பின்வரும் திருத்தம் கைகூடும்.

தேய்வின் வழி

புடைப்பு நேரே உலோக முனையைத் தள்ளுவதில்லை. முனையின் கையிற் பொருத்திய சிறு உராய்கட்டை ஒன்றே புடைப்பின் மேல் உரசிச் செல்லும். மின்னைக் கடத்தாத பொருளாலான அக்கட்டையே இவ்வுறுப்பில் முதலில் தேய்வது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்பொழுது டிஸ்ரிபியூற்றர்த் தண்டு 1500 முறை சுழலும். ஒவ்வொரு முனையும் செக்கனுக்கு 25 முறை திறந்து மூடும். ஒரு மணி நேரத்துக்கு அது 90,000 முறையாகும். அவ்வேகத்தில் ஆயிரம் மணி நேரம் ஓடிய எஞ்சினில் ஒவ்வொரு கட்டையும் ஒன்பது கோடி முறை உரசியிருக்கும். புடைப்பின் மேல் கிறீஸ் உலர்ந்துபோன வண்டியில் இவ்வுரசலின் விளைவு யாதாகும் என்பதைக் கூறவேண்டுவதில்லை.

கட்டை தேயத் தேய முனை திறக்கும் இடைவெளி குறையும். முன்னர் நேரத்தோடு திறந்த முனை சற்றுப் பிந்தித் திறக்கும். சற்று முந்தி மூடும். ஈற்றில் புடைப்பு கடந்து செல்லும்பொழுதும் முனை திறவாது மூடியபடியே நிற்கும். அந்நிலையில் அம்முனை தரவேண்டிய செய்தி அற்றுப்போகும்.

இந்நிலை ஒரே நாளில் தோன்றுவதன்று. டிஸ்ரிபியூற்றர்த் தண்டின் தாங்கிகளும் தேய்ந்திருப்பின் தண்டு சிறிது அசையும். அவ்வசைவினால் முனை ஒரு சுற்றில் திறக்கும், மறுசுற்றில் திறவாது. வண்டி ஒருநாள் நன்றாக ஓடும். மறுநாள் இடையிடையே திக்கும். குளிர்ந்த வேளையில் இயங்கி வெப்பமேறியபின் தளரும். சிலபோது இதற்கு மாறாகவும் நிகழும். குறை நிலையாக நில்லாமையால், காரணம் கண்டறிதலும் அரிதாகின்றது.

தவறான மருந்து

இவ்விடத்திலேயே பெருங்கேடு நேர்கின்றது. எஞ்சின் பாதி வலியோடு திக்கித் திணறுங்கால், உரிமையாளரின் ஐயம் முதலிற் செல்வது கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேலேயாம். இருபத்தைந்து முனைகள் கொண்ட பெருஞ்செருகியும், உள்ளே நிறைந்த திரான்சிற்றர்களும் கண்டாரை மருட்டுவன. அறியாத பொருளிற் குற்றம் காண்டல் மனித இயல்பு. பெட்டியை மாற்றுவர், குறை நீங்காது. பின்னர் அமுக்க உணரியின் மேல் ஐயுறுவர். கலவையைச் சீர்செய்வதாக எண்ணி, தொழிற்சாலையில் அளந்து முத்திரையிட்டு மூடிய உணரியைத் திறந்து, அதனுள் இருக்கும் திருகாணியை இங்கும் அங்கும் திருப்புவர்.

இச்செயலின் தீங்கு நன்கு உணரப்படல் வேண்டும். தூண்டுமுனையின் குறையால் நின்றது 'எப்பொழுது' என்னும் செய்தி. உணரியைத் திருப்புவதால் மாறுவது 'எவ்வளவு' என்னும் செய்தி. முன்னையது பழுதாயிருக்க, பழுதற்ற பின்னையதையும் பழுதாக்கி விடுகின்றனர். ஒரு குறை இருந்த இடத்தில் இரண்டு குறைகள் உண்டாகின்றன. அதன்பின் தூண்டுமுனையைச் சீர்செய்தாலும் வண்டி செம்மையாய் ஓடாது. ஈற்றில் 'இம்முறையே பயனற்றது' என்னும் முடிவுக்கு வந்து, பீச்சு முறை முழுவதையும் கழற்றி எறிந்து காபுரேற்றரைப் பொருத்துவர். 1958இல் இலெக்றோஜெக்ரருக்கு நேர்ந்த கதியே, அதன் வழித்தோன்றலுக்கும் வண்டி வண்டியாக நேர்ந்தது. ஆயின் முன்னையது தன் குறையால் நீங்கியது. பின்னையது பல இடங்களில் பிறர் அறியாமையால் நீங்கியது.

குறையைக் கண்டறிதல்

நோயின் இடம் அறியாது மருந்திடல் ஆகாது. எனவே முதலில் குறை எங்குள்ளது என்பதைத் துணிதல் வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி யாதும் வேண்டுவதில்லை.

எஞ்சினை இயக்க முயன்று இயங்காது நின்றபின், பிளக்குகள் அனைத்தையும் கழற்றி வரிசையாக வைத்து நோக்குக. எல்லாம் ஒருங்கே உலர்ந்திருப்பின் பம்பியையோ மின்வழங்கலையோ ஐயுறலாம். ஒன்று மட்டும் வேறுபட்டிருப்பின் அவ்வுருளையின் பீச்சுகுழலையோ பிளக்கையோ ஐயுறலாம். ஒரே கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு உலர்ந்தும், மற்றைக் கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு பெற்றோலால் நனைந்தும் இருப்பின், குறை அக்கூட்டத்துக்குரிய செய்தியின் வழியில் உள்ளது என்பது தெளிவு. எந்த உருளைகள் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தன என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். அதனை அவ்வண்டியின் கைந்நூலிற் கண்டுகொள்க.

அடுத்து ஓம்மானி கொண்டு அளத்தல் வேண்டும். டிஸ்ரிபியூற்றரின் அடியில் தூண்டுமுனைகளுக்கென மூன்று முள் கொண்ட செருகி ஒன்றுண்டு. மூன்றனுள் ஒன்று இரு முனைகளுக்கும் பொதுவானது. ஏனைய இரண்டும் ஒவ்வொரு முனைக்கும் உரியன. ஆளியை முற்றாக நிறுத்தி, செருகியைக் கழற்றி, கியரை நடுநிலையில் வைத்து, பிளக்குகள் கழன்றிருக்கும் நிலையில் எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றுக. பொதுமுள்ளுக்கும் ஏனையவற்றுள் ஒன்றுக்கும் இடையே தடையை நோக்குக. முனை மூடியிருக்கும்பொழுது தடை பூச்சியத்தை அண்மியிருத்தல் வேண்டும். திறந்திருக்கும்பொழுது எல்லையற்றதாய் இருத்தல் வேண்டும். பிரதான தண்டின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இம்மாற்றம் நிகழ்தல் வேண்டும்.

மூடியிருக்கும்பொழுதும் தடை ஊசலாடினால் முனையின் பரப்பு அழுக்கடைந்தது என்க. ஒருபொழுதும் திறவாதாயின் கட்டை தேய்ந்தது என்க. முனை திறக்கும் இடத்தையும் மூடும் இடத்தையும் எஞ்சினின் முன்சக்கரத்திற் சுண்ணக்கட்டியாற் குறித்து, மற்றை முனைக்கும் அவ்வாறே செய்து இரண்டையும் ஒப்பிடுக. நான்கு உருளை எஞ்சினில் ஒரு முனைக்கும் மற்றதற்கும் இடையே பிரதான தண்டின் ஒரு முழுச் சுற்று வேறுபாடு இருத்தல் வேண்டும். இரண்டும் திறந்திருக்கும் கால அளவும் ஒத்திருத்தல் வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டி எஞ்சினின் வேகத்தையும் இம்முனைகளின் செய்தியிலிருந்தே அறிகின்றது. ஆதலின் ஒன்று மிகத் தேய்ந்தும் மற்றது தேயாமலும் இருத்தல் நன்றன்று.

முனைகள் இரண்டும் குறைவின்றி இயங்கினால் அவற்றைத் தொடாது விடுக. செருகியின் முட்களிற் பச்சை படிந்துள்ளதா, கம்பிகளின் உறை வெடித்து உதிர்ந்துள்ளதா என்பனவற்றை அதன்பின் ஆராய்க. இவ்வண்டிகள் யாவும் இன்று அரை நூற்றாண்டைக் கடந்தனவோ அண்மியனவோ ஆதலின் கம்பியுறைகள் வலுவிழந்திருத்தல் வியப்பன்று.

சீர்செய்யும் முறை

குறை தூண்டுமுனையில் உள்ளதென்று துணிந்தபின் அதனை வெளியே எடுத்தல் வேண்டும். அது ஒரு சிறு தட்டாக டிஸ்ரிபியூற்றரின் பக்கத்துளை வழியே செருகப்பட்டு இரு திருகாணிகளால் இறுக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றி, எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் வளையம் கிழியாது தட்டை நேராக இழுத்தெடுக்க வேண்டும்.

முதற்பணி சுத்தஞ்செய்தல். எண்ணெயை நீக்கித் தானே ஆவியாகும் துப்புரவுத் திரவத்தால் தட்டைக் கழுவி, வெண்மையான கெட்டிக் காகிதத் துண்டு ஒன்றை முனைகளிடையே வைத்து, கறை படியாத நிலை வரும்வரை மெல்ல இழுத்தெடுக்க வேண்டும். அரமோ மணற்றாளோ கொண்டு தேய்த்தல் ஆகாது. தீமுனைக்கு அரம் பயன்படுவது கரிந்த மேடுகளை அகற்றுதற்கு. தூண்டுமுனையிற் கரிவு இல்லை. ஆதலின் அரத்துக்கும் அங்கு வேலையில்லை. தேய்த்தால் ஒப்புரவான பரப்புச் சொரசொரப்பாகி அழுக்கு தங்கும் இடமாகும். தூண்டுமுனை செயலிழந்த வண்டிகள் பலவற்றிற் சுத்தஞ்செய்தல் ஒன்றே போதியதாவதும் உண்டு.

இரண்டாவது, இடைவெளியை மீட்டல். கட்டை தேய்ந்த அளவுக்கு முனையின் நிலையான பக்கம் சிறிது விலகி நின்றால் இடைவெளி மீளும். இதற்கென அமைந்த திருகாணி இல்லாமையால், நிலையான முனையைத் தாங்கும் உலோக நாக்கையே மிக மிகச் சிறிதளவு வளைத்தல் வேண்டும். நுண்ணிய குறடு ஒன்றினால் நாக்கின் அடியைப் பற்றி, அது தட்டுடன் பிணைந்த இடத்துக்கு அழுத்தம் செல்லாதவாறு தாங்கிக்கொண்டு, மற்றொரு குறட்டினால் நுனியை அசைத்தல் வேண்டும். கண்ணுக்குத் தோன்றும் அளவுக்கு வளைத்தல் பெரும்பாலும் மிகையே. ஒவ்வொரு முறையும் சிறிதே அசைத்து, தட்டை மீளச் செருகி ஓம்மானியால் அளந்து, பின்னரே மேற்செல்லல் வேண்டும்.

ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதன. அசையும் முனையைத் தாங்கும் வில்லை ஒருபொழுதும் வளைத்தலாகாது. அதன் விசையே முனை மூடும்பொழுது துள்ளாது தடுப்பது. விசை குறைந்தால் முனை மூடுமிடத்து மீண்டும் மீண்டும் துள்ளி எழ, தெளிவான ஒரு செய்தியின் இடத்திற் குழப்பமே செல்லும். மற்றது, நாக்கை முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தலாகாது. உலோகம் களைத்து ஒடியும். ஒடிந்த தட்டுக்கு மாற்றுப் பெறுதல் இந்நாளில் எளிதன்று. ஆகவே குறைவாக வளைத்து மீண்டும் வளைத்தல் மேல். கூடுதலாக வளைத்து மீட்க முயல்தல் கீழ்.

மூன்றாவது, கிறீஸ் இடுதல். வெப்பத்தில் உருகி ஓடாத கிறீஸை நெல்லளவு எடுத்துப் புடைப்பின் மேற் பூசுதல் வேண்டும். மிகுதியாகப் பூசினால் அது சிதறி முனைகளின் மேற் படியும். சுத்தஞ்செய்த உழைப்பு வீணாகும். இடாதுவிட்டால் கட்டை மீண்டும் தேயும். இவ்வுறுப்பின் ஆயுளை நீட்டுவதும் குறைப்பதும் இந்நெல்லளவு கிறீஸே என்றால் மிகையன்று.

டிஸ்ரிபியூற்றர்த் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தலும் வேண்டும். அது தெளிவாக ஆடுமாயின் தாங்கிகளை மாற்றாது முனையை மட்டும் திருத்துதல் பயனற்றது. ஆடும் தூணில் அளவு நூல் பிடிப்பது போன்றதே அது.

பெற்றோல் பற்றிய ஓர் எச்சரிக்கையையும் மறத்தலாகாது. ஆளி போட்டிருக்கும் நிலையில் தூண்டுமுனை திறந்து மூடினால் பீச்சுகுழல்கள் 'டிக்' என ஒலித்துத் திறக்கும். முனைகள் இயங்குகின்றனவா என்று செவியால் அறிய இது நல்ல வழியே. ஆயின் குழாய்களில் அமுக்கம் இருக்குமாயின் ஒவ்வோர் ஒலியோடும் பெற்றோல் உட்பாயும்; இயங்காத எஞ்சினில் அது தேங்கிக் கேடு செய்யும். ஆதலின் பம்பியின் மின்தொடர்பை நீக்கி, குழாய்களின் அமுக்கத்தைத் தணித்த பின்னரே இச்சோதனையைச் செய்தல் வேண்டும். பழைய இறப்பர்க் குழாய்கள் வெடித்திருப்பின் முதலில் அவற்றை மாற்றுதல் வேண்டும். அமுக்கமுற்ற பெற்றோல் வெப்பமான எஞ்சின்மேற் சிந்துதல் தீவிபத்துக்கு வழியாகும்.

திருத்தத்தின் எல்லை

வளைத்தல் எனும் இம்முறை தேய்ந்த கட்டையை மீளத் தருவதன்று. எஞ்சியுள்ள கட்டையைப் பயன்படுத்த உதவுவதே. கட்டை முற்றாகத் தேய்ந்தவிடத்துப் புதிய கட்டையைப் பொருத்துதலோ, தட்டையே மாற்றுதலோ வேண்டும். காந்தமொன்று அணுகுவதை மின்னாக உணரும் ஹோல் விளைவுக் கருவிகளைத் தூண்டுமுனைகளுக்கு மாற்றாகப் பொருத்துவோரும் உளர். அவற்றில் உரசும் உறுப்பு யாதும் இல்லை. ஆதலின் தேய்வும் இல்லை. வண்டியைப் பழைய நிலை மாறாது பேண விழைவோர் தொடுமுனையை நாடுவர். நாள்தோறும் ஓட்ட விழைவோர் காந்தத்தை நாடுவர். இருசாரார்க்கும் முனையின் பணியை அறிதல் ஒருபடித்தாகவே வேண்டும்.

பொஷ் நிறுவனமும் இக்குறையை உணராதிருக்கவில்லை. 1970களின் நடுப்பகுதியிற் பரவிய 'எல்-ஜெற்றொனிக்' என்னும் அடுத்த முறையில் தனியான தூண்டுமுனைகள் கைவிடப்பட்டன. தீப்பொறிச் சுருளிலிருந்தே காலச் செய்தி பெறப்பட்டது. பீச்சுகுழல்களும் கூட்டங்களாகப் பிரியாது, பிரதான தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் யாவும் ஒருங்கே வேண்டிய பெற்றோலிற் பாதியைப் பீச்சின. பீச்சும் காலம் சிறிது முன்பின் ஆவதால் பெருங்கேடு இல்லை என்னும் உண்மையே இவ்வெளிமைக்கு இடந்தந்தது. முன்னைய முறையின் மிக நலிந்த உறுப்பு எதுவென்பதைப் பின்னைய முறை அதனை விலக்கியதனாலேயே காட்டி நிற்கின்றது.

முடிவுரை

தூண்டுமுனை பெற்றோலை அளப்பதில்லை, தீப்பொறியைப் பிறப்பிப்பதில்லை, பாரம் எதனையும் சுமப்பதில்லை. 'இப்பொழுது' என்னும் ஒரு சொல்லை மட்டும் செக்கனுக்குப் பன்முறை சொல்லி நிற்கின்றது. அச்சொல் நின்றவிடத்து, கணிப்பிற் சிறந்த பெட்டியும் அளவிற் பிழையாத உணரியும் வாளாவிருக்கும். சிற்றுறுப்பை நோக்காது பேருறுப்பைப் பழிப்போர் நல்ல உறுப்பையும் இழப்பர். ஒரு காகிதத் துண்டு, ஓர் ஓம்மானி, நெல்லளவு கிறீஸ், பொறுமையுடைய கை ஆகிய இவற்றைக் கொண்டு காக்கத்தக்க எஞ்சின்கள் பல, அறியாமையினாற் பழைய இரும்புக் குவியலை அடைந்தன. எஞ்சியிருப்பனவேனும் அவ்வழி செல்லாதிருத்தல் வேண்டுமாயின், எந்திரத்தைத் திருத்தப் புகுவோர் முதலில் வினவவேண்டியது 'எதனை மாற்றலாம்' என்பதன்று. 'எந்தச் செய்தி வரவில்லை' என்பதே.